உடையான்

புதுப்பேட்டையில்
கழற்றிய கதவுகளும் கார்களின் பாதி முகங்களும்
அடுக்கிக் கிடக்கும் சந்தில்
ஸ்டிக்கர் வெட்டுகிறேன்.
எழுத்துக்கு எட்டு ரூபாய். புள்ளிக்குக் காசில்லை.
ஆனால் புள்ளிதான் உயிரை எடுக்கும்:
பிளேடு நுனியில் தூக்கி வைப்பதற்குள்
சுண்டுவிரலில் ஒட்டி வீடுவரை வந்து
சோற்றில் கிடக்கும்.

பழமொழிகளை நான் படிப்பதில்லை, எண்ணுவேன்.
பொறுத்தார் பூமி ஆள்வார், பதினொன்று.
ஒட்டிய ஈரம் காயாமல் போன அந்த ஷேர் ஆட்டோ
சிந்தாதிரிப்பேட்டை சிக்னலில்
சிவப்பைப் பொறுக்கவில்லை.
ஆழம் தெரியாமல் காலை விடாதே,
அது ஒரு தண்ணி லாரிக்கு.
சிறுதுளி பெருவெள்ளம் என்று
கண்ணாடிக் கதவில் ஒட்டச் சொன்னார்
வேளச்சேரி சீட்டுக் கம்பெனிக்காரர்.
டிசம்பரில் தண்ணீர்
அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு கல்லா வரை போனது.
ஜனவரியில் வந்து நின்றார்:
"வெள்ளத்த மட்டும் எடுத்துடும்மா."
சிறுதுளி பெரு,
சிறுதுளி பெரு என்று
பங்குனி வரை திக்கிக்கொண்டிருந்தது அந்தக் கதவு.

நேற்று எத்திராஜுலு வந்தார்.
ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஒட்டியதுதான்,
பதினைந்து எழுத்து, ஐந்து புள்ளி:
தம்பி உடையான் படைக்கு அஞ்சான்.
பகலில் இவர் ஓட்டுவார், இரவில் பக்தவச்சலம்.
சீட்டின் சூடு ஆறாமல் கைமாறிய வண்டி.
இப்போது தண்டையார்பேட்டை வீட்டைப் பாகம் பிரித்ததில்
மாடி இவருக்கு,
படிக்கட்டு தம்பிக்கு.
வண்டியை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை.
ஆர்சி புக் ஒன்றுதானே.

"தம்பிய எடுத்துடு. மத்தது இருக்கட்டும்."

ஹேர் டிரையரில் சூடு காட்டி
நகத்தால் நெம்பினேன்.
மூன்று எழுத்தும் ஒரே தோலாக உரிந்து வந்தன.
மீதியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"உடையான்னா இன்னா?"
"வச்சிருக்கிறவன்."
"இன்னா வச்சிருக்கிறவன்?"
"அதத்தான் இப்ப எடுத்துட்டோம்."
முகம் தொங்கிவிட்டது.
வியாபாரத்துக்காகச் சொல்லிவைத்தேன்:
"உடையமாட்டான்னும் அர்த்தம் வரும்."
அது பிடித்துவிட்டது. "அப்போ சரி.
நான் உடையமாட்டேன்."

ஆனால் ஒன்பது வருஷ வெயில்
வண்டியை வெளுத்திருந்தது.
எழுத்து மறைத்த இடத்தில் மட்டும்
வாங்கிய அன்றைய மஞ்சள்.
மஞ்சளுக்குள் மஞ்சளாக, புள்ளியோடு,
தம்பி.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்.
கட்டைவிரலால் தேய்த்தார்.
தேய்க்கத் தேய்க்க விளக்கிய பாத்திரம்போல் மின்னியது.
தம்பி உடையான்.
எந்த அர்த்தத்தில் படிக்கச் சொல்கிறது என்று
எனக்குள் ஒன்று ஓடியது,
சொல்லவில்லை. ஐம்பது ரூபாய் என்றேன்.

"நாளைக்குத் தரேன்."
எங்கள் தலைக்கு மேலே
நானே வெட்டி ஒட்டியது,
கடன் அன்பை முறிக்கும்.
அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.
"சரி அண்ணே, போய்ட்டு வாங்க."

சாலைக்கு ஏறிப் போகும் வண்டியைப் பார்த்தபடி
நின்றேன். ஓட்டுகிறவர்
ஒருநாளும் படிக்கமுடியாத இடத்தில்தான்
எல்லோருக்கும் ஒட்டித் தந்திருக்கிறேன்.
பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு வருகிறவன்
படிக்கிறான்,
அவனுக்கும் வழி கிடைப்பதில்லை.

இன்று இரவு ஒன்பது மணி, ஷட்டர் பாதி இறக்கியாயிற்று.
பக்தவச்சலம்.
ஹெட்லைட்டில் ஒட்ட
கறுப்பாக ஒரு வட்டம் கேட்டான்.
வண்டியின் பின்பக்கம் போகவில்லை.
பார்த்துவிட்டுத்தான் வந்தானா,
முகத்தில் ஒன்றும் இல்லை.
பத்து ரூபாயை நீட்டிவிட்டு
பர்சை மூடாமல் கேட்டான்:
"அண்ணன் ஏதாச்சும் பாக்கி வச்சிருக்குதா?"

இல்லை என்றேன்.
எதற்கு என்று கேட்பானே.